ஏழாம் நம்பர் மலைமேல் ஒரு படகு

"நல்ல நாளும் அதுவுமா இந்தச் சீலையைத்தான் கட்டுவியா வடிவு? வேற மாத்து. துரை வரப்போறாரு... தோட்டத்து ரெண்டு கணக்கு சனமும் கூடி நிக்கப்போகுது."

வெள்ளை வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டே வீரய்யா சொன்னார். குரலில் கோபம் இல்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் தகப்பனுக்கு விடியற்காலையில் இருக்குமே, அந்தப் பரபரப்புதான். ஆனால் அடுப்படியில் குந்தியிருந்த சண்முகவடிவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மாத்திக்கிறேங்க. இந்தத் தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போங்க."

"வந்து குடிக்கிறேன்."

"ஏங்க... மொத தடவையா தண்ணியில விடுறீங்க. புள்ளைங்கள ஏத்தாம, ஆம்பளைங்க மட்டும் ஒரு சுத்து போயிட்டு வந்தா என்ன?"

வீரய்யா பதில் சொல்லுமுன் அறையும் அடுப்படியுமான காம்பராவின் மூலையிலிருந்து மாமியார் ராக்காயியின் குரல் வந்தது.

"விடிஞ்சும் விடியாம என்னடி பேச்சு இது? எம்மவன் மாசக்கணக்கா மழைன்னும் பாக்காம செதுக்கின படகு. வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

வடிவு வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் நன்றாகப் பழகியிருந்தது அது ஒன்றுதான்.

ஆற்றுமலைத் தோட்டத்துக்கு அந்த வருஷம்தான் தண்ணீர் வந்தது. கீழே ஆற்றை மறித்துக் கட்டிய அணையை மூடியதும், தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி, கொழுந்தெடுக்கும் ஏழாம் நம்பர் மலையை விழுங்கியது. சனம் குடியிருந்த பழைய லயங்களையும், ஹட்டன் பாதைக்கு இறங்கும் ரோட்டையும் விழுங்கியது. லயத்துச் சனங்களை தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் புதுக் காம்பராக்களில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் தேயிலை அரைக்கும் ஸ்டோரும் அக்கரையில் நின்றுவிட்டன. மலையைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதை ஒன்றுதான் மிச்சம். காலையில் நடக்கத் தொடங்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேரும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

"ஒரு படகு செஞ்சிட்டா என்ன?" என்று முதலில் கேட்டது தோட்டத்துத் தச்சுப் பட்டறையில் இருந்த வீரய்யாதான். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு கிழவர், "டவுன்ல ஏற்கனவே நம்மள கடல் தாண்டி வந்த கள்ளத்தோணின்னுதான் கூப்பிடுறான். இப்ப நெசமாவே தோணி கட்டப்போறோமா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சம்மதித்தார்கள். தோட்டத்துத் துரையும் தலையாட்டினார். கினிகத்தேனையிலிருந்து லொறியில் பலாப்பலகை வந்து இறங்கியது.

படகு கட்ட வீரய்யாவுக்குத் துணை நின்றவன் அவர் தம்பி அழகுமுத்து. வடிவு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவன் ஆறு வயதுப் பையன். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவனைத்தான் குளிப்பாட்டினாள், சோறூட்டினாள், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தாள். இப்போது அவனுக்கும் கல்யாணமாகி, மனைவி நாகலெட்சுமி மாசமாக இருந்தாள். அடுத்த காம்பராதான். நடுவில் ஒரு தகரத் தடுப்பு.

அந்தக் குடும்பத்தில் படகென்ற ஒன்றை அதற்குமுன் கிட்ட நின்று பார்த்திருந்தவள் வடிவு ஒருத்திதான். அவள் அப்பா கொள்ளிடத்தில் ஓடம் தள்ளியவர். பஞ்சத்தில் அவரோடு கப்பலேறி இந்த மலைக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. அதுவரைக்கும் ஓடத்தின் பலகை இடுக்குகளில் திணிக்கத் தேங்காய்நார் முறுக்கிக் கொடுத்தது அவள் கைதான். எங்கே நார் கெட்டியாக இருக்கிறது, எங்கே இளகியிருக்கிறது என்று கட்டைவிரலை வைத்து அழுத்தினாலே தெரிந்துவிடும்.

அந்தக் காலையில், சீலை மாற்றிக்கொண்டு, குங்குமச் சிமிழோடு மற்றவர்களுக்கு முன்னாலேயே அவள் கரைக்கு இறங்கினாள். கரையில் மரக்கட்டைகள்மேல் படகு கருகருவென்று தார் பூசி நின்றது. முகப்பில் பொட்டு வைத்தாள். பிறகு, பழக்கம் விடவில்லை, பக்கப் பலகையின் இடுக்கில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். வலப்பக்கம் கல் மாதிரி இருந்தது. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். கட்டைவிரல் பொதக்கென்று உள்ளே போனது.

தாருக்குக் கீழே நார் இல்லை. களிமண்ணும் மரத்தூளும் குழைத்து அப்பியிருந்தது.

அவள் நிமிர்ந்தபோது படகின் அந்தப்புறம் அழகுமுத்து நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

"இடப்பக்கம் நீதானே தம்பி அடைச்ச?"

"மதினி... நார் தீந்துபோச்சு மதினி. மழையில லொறி வரல. நாள் குறிச்சிட்டாங்க, அண்ணன் அவசரப்படுத்திக்கிட்டே இருந்தாரு. இப்போதைக்கு அப்பி வச்சு, பொறவு நோண்டி எடுத்துட்டு நல்லா அடைச்சிரலாம்னு..."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சொன்னா என்னைத் தொலைச்சுப்போடுவாரு மதினி. போன வருஷம் ஸ்டோர்ல நான் செஞ்ச தப்புக்கு அவருதான் துரைகிட்ட போயி, 'இனி இவன் தப்புப் பண்ணினா என்னையும் சேத்து அனுப்பிருங்க'ன்னு வாக்குக் குடுத்தாரு. இதுவும் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். நாகு வேற இப்படி இருக்கா..."

மேலே தப்பு மேளம் அடிக்கும் சத்தம் கேட்டது. சனம் இறங்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலையில் எண்ணெய் வழிய, கையில் பூவோடு. முதல் பயணம் அவர்களுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது.

வடிவு ஓடிப்போய்ப் புருஷனின் கையைப் பிடித்தாள். "ஏங்க, இன்னைக்கு வேணாங்க. எனக்கு மனசு சரியில்ல. இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோம்."

"கையை விடு. சனம் பாக்குது."

"கெஞ்சிக் கேக்குறேங்க..."

"வடிவு, இது படகு. உன் பயத்துக்கெல்லாம் நிறுத்துறதுக்கு வெளையாட்டுச் சாமான் இல்ல. தள்ளி நில்லு."

துரையின் கார் மேலே வந்து நின்றது. பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் விட ஆரம்பித்தார்கள். அழகுமுத்து தலை குனிந்தே நின்றான். அவன் வாயைத் திறப்பான், இப்போது திறப்பான் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் திறக்கவில்லை.

வீரய்யா பலகை செதுக்கும் வாச்சி கட்டைமேல் கிடந்தது. வடிவு அதை எடுத்தாள். "எறங்குங்கடா, எல்லாரும் எறங்குங்க" என்று பிள்ளைகளை இழுத்து விட்டாள். யாரும் தடுக்குமுன் படகின் அடிப்பலகையில் ஓங்கி வெட்டினாள். ஒருமுறை, மறுமுறை. பலகை பிளந்து ஓட்டை விழுந்தது.

தப்பு மேளம் நின்றது. வீரய்யா வந்து அவள் கையிலிருந்து வாச்சியைப் பிடுங்கினார்.

"என்னடி பண்ணின... என்னடி பண்ணின நீ?"

"எனக்குப் பயமா இருந்துச்சுங்க," என்றாள் வடிவு. அழகுமுத்து பக்கம் அவள் திரும்பவே இல்லை.

துரை காரில் ஏறிப் போனார். படகைக் கரையிலேயே கவிழ்த்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வடிவு இருந்தும் இல்லாத மாதிரி ஆனாள். வீரய்யா அவளோடு பேசுவதை நிறுத்தினார். வேண்டியதைத் தாயிடம் கேட்டார். ராக்காயி மருமகள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. கொழுந்து மலையில் பெண்கள் அவளுக்கு இரண்டு நிரை தள்ளி நின்றார்கள். 'பைத்தியம் புடிச்சிருக்கு' என்றார்கள் சிலர். 'தண்ணியில பேய் அடிச்சிருக்கு' என்றார்கள் சிலர்.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். நாகலெட்சுமி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பீலியடியில் ஊரே தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"பெத்து வளத்தவளா இருந்தா, புள்ளைங்க ஏறி ஒக்காந்த படகுல வாச்சிய ஓங்குவாளா? இவங்க ஓங்குனாங்க. நாளைக்கு எம்புள்ளைய இவங்ககிட்ட நம்பி விடுவேனா நான்?"

வடிவு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அன்று மாலை அழகுமுத்து அடுப்படிப் பக்கம் வந்து நின்றான்.

"மதினி... நான் சொல்லிர்றேன் மதினி. அவ பேசினத கேட்டுட்டு என்னால..."

"சொல்லி?" என்றாள் அவள், விறகைத் தள்ளிக்கொண்டே. "அவ புள்ளை பெக்கட்டும் முத்து. அதுக்கப்புறம் பாத்துக்குவோம். எங்கிட்ட உங்கண்ணனுக்கு இருக்கிறது கோபம். அது வத்திரும். உங்கிட்ட வந்துச்சுன்னா அது பகை. அது வத்தாது."

அவன் அழுதான். அழுதுவிட்டுப் போனான். மறுநாளும் அவன் சொல்லவில்லை. அவனுக்குள் இருந்த பயம் அவனை விடவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்வதற்கு இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

ஆடி மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில் நாகலெட்சுமிக்கு வலி கண்டது. தோட்டத்து மருத்துவிச்சி வீரம்மா வந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ளை குறுக்கால கெடக்கு. என் கையில ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. சீக்கிரம்."

தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வண்டிப்பாதையில் ஓடினார்கள். வளைவு தாண்டியதும் நின்றுவிட்டார்கள். பாதை இல்லை. மேலேயிருந்து மண் சரிந்து, பாறையும் மரமுமாய்ப் பள்ளத்தில் கிடந்தது. ஆள்கூடக் கடக்க முடியாது.

தூளிக்குள் நாகலெட்சுமி முனகினாள். ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். வீரய்யா ஒரு நிமிஷம் நின்று யோசித்தார்.

"கரைக்குத் தூக்குங்க. படகுல ஒரு ஓட்டைதான், பலகை வச்சு ஆணி அடிச்சிர்றேன்."

கரையில் படகைப் புரட்டிப்போட்டார்கள். வீரய்யா ஆணியும் சுத்தியலுமாய் முட்டி போட்டு உட்கார்ந்தார். அப்படியே நின்றது அவர் கை.

வெட்டுப்பட்ட ஓட்டை வலப்பக்கம் ஒரு ஓரமாய் இருந்தது. ஆனால் இடப்பக்கம் முழுக்க, முகப்பிலிருந்து கடைசிவரை, பலகைக்கும் பலகைக்கும் நடுவே வானம் தெரிந்தது. மாதமெல்லாம் பெய்த மழையில் களிமண் கரைந்து ஓடியிருந்தது. வெறும் தார் மட்டும் பாம்புச்சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வீரய்யா அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். நீளமாய் உரிந்து கையோடு வந்தது.

அவர் மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அன்னிக்கு... இதத்தான் பாத்தியா நீ?"

அழகுமுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வீரய்யா எழுந்தார். அவர் கண்ணில் இருந்ததைப் பார்த்து ராக்காயி, "ஐயா, வேணாம்யா..." என்றாள்.

வடிவு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அதுக்கு இப்ப நேரமில்லைங்க. அங்க ஒருத்தி துடிச்சிக்கிட்டு கெடக்கா. நீங்க ஓட்டைய அடைங்க. முத்து, நீ ஓடு. கோயில்ல தேர்வடம் பழசு ஒண்ணு கெடக்குல்ல, அதக் கொண்டா. பட்டறையில குங்கிலியமும் எண்ணெயும் இருக்கும், ஒரு சட்டியில காய்ச்சி எடுத்தா. ஓடு."

அந்த வீட்டில் அவள் உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. போட்டதும் எல்லோரும் ஓடினார்கள்.

வடம் வந்தது. அவள் அதைப் பிரித்துப் பிரித்து முறுக்கினாள். உளியை வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி இடுக்குகளில் ஏற்றினாள். பின்னாலேயே வீரய்யா கொதிக்கும் குங்கிலியத்தை ஊற்றிக்கொண்டு வந்தார். நார் அறுத்து அவள் விரலெல்லாம் இரத்தம். அவர் அதைப் பார்த்தார். எதுவோ சொல்ல வாயெடுத்தார். "இந்தப் பக்கம் ஊத்துங்க, ஆறுது" என்றாள் அவள்.

படகு தண்ணீரில் இறங்கியது. கசிந்தது, ஆனால் நின்றது. நடுவில் நாகலெட்சுமியைக் கிடத்தி, ராக்காயி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வீரம்மா தகரக் குவளையால் தண்ணீர் இறைத்தாள். அண்ணனும் தம்பியும் முன்னால் துடுப்புப் போட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வடிவு பின்னால் உட்கார்ந்து திசை பிடித்தாள்.

பாதி தூரம் போகுமுன் மூடுபனி இறங்கிவிட்டது. கை நீட்டினால் கை தெரியவில்லை. படகின் அடியில் எதுவோ உரசியது. ராக்காயி முருகனைக் கூப்பிட்டாள்.

"சவுக்கு மரம்," என்றார் வீரய்யா, மூச்சு வாங்க. "வெட்டாம விட்ட மரமெல்லாம் உள்ள நிக்குது. ஒண்ணு குத்துச்சுன்னா போச்சு. வழி தெரியல வடிவு."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அடியில் கிடந்தது, பதினைந்து வருஷத்துக்குமேல் அவள் கொழுந்தெடுத்த ஏழாம் நம்பர் மலை. கூடையைச் சுமந்துகொண்டு, கண்ணை மூடினாலும் கால் போகும். கண்ணை மூடிக்கொண்டாள். அக்கரை ஸ்டோரில் இயந்திரம் ஓடும் சத்தம் லேசாகக் கேட்டது. அதை ஒரு பக்கத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"இது பெரிய பாறை. கொழுந்து நிறுக்க கூடை எறக்குவோமே, அது. வலப்பக்கம் வாங்க. இன்னும்... போதும். இனி மழைத்தண்ணி ஓடுற கான் ஓரமா நேராப் போனா மரமே இல்ல. நாலு போடு போடுங்க. இப்ப இடப்பக்கம்..."

அவள் சொன்னபடி போட்டார்கள். ஒரு கிளை நுனி படகை ஒட்டி, தொடாமல் நழுவிப்போனது.

"இப்ப எங்க இருக்கோம்?" என்று ராக்காயி கேட்டாள்.

வடிவு கண்ணைத் திறந்தாள்.

"நம்ம பழைய லயத்துக்கு மேல அத்தை."

அந்த லயத்தில்தான் ராக்காயி புருஷனைப் பறிகொடுத்தாள். அங்கேதான் வடிவு மஞ்சள் கயிற்றோடு உள்ளே வந்தாள். ராக்காயி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, இருட்டாய்த் தெரிந்த தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்து, மருமகளைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

அக்கரையில் ஆட்கள் நின்றார்கள். ஆஸ்பத்திரி லொறி நாகலெட்சுமியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. விளக்கு வைக்கும் நேரத்தில், அங்கேயே காத்திருந்தவர்களுக்குச் செய்தி வந்தது. பெண் குழந்தை. தாயும் பிழைத்துவிட்டாள்.

செய்தி கேட்டு எல்லோரும் மூச்சு விட்டபிறகுதான் வீரய்யா தம்பி பக்கம் திரும்பினார்.

"நல்லாக் கேட்டுக்க. இந்தப் பொம்பளைய ஊரே காறித் துப்புறத பாத்துக்கிட்டு, அவ ஆக்கின சோத்தத் தின்னுக்கிட்டு இருந்திருக்க. இனிமே எனக்குத் தம்பி இல்ல. என் வாசப்படி மிதிக்காத."

அழகுமுத்து போகத் திரும்பினான். "சரிண்ணே" என்றான்.

"நில்லு முத்து," என்றாள் வடிவு. கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க அவன வெரட்டிட்டா, நான் பட்டதெல்லாம் எதுக்குங்க? இந்தக் குடும்பம் ரெண்டாப் போயிரக் கூடாதுன்னுதானே நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்? நீங்க பேசாம இருந்தீங்க... பரவால்ல. அத்தை தண்ணி வாங்கல... பரவால்ல. எல்லாம் வீணாப் போகட்டும்னு நீங்களே சொன்னா, அப்புறம் நான் யாருக்காக..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ராக்காயி எழுந்து வந்தாள். கூடி நின்ற ஆட்கள் முன்னால், மருமகளின் இரத்தம் உறைந்த இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னென்ன பாவத்தையெல்லாம் பேசிட்டேனே தாயே..." என்று சொல்லி அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு தம்பியைப் பார்க்காமலே, "போயி உம்பொண்டாட்டியப் பாரு. வீட்டுப் பேச்ச வீட்டுல பேசிக்குவோம்" என்றார்.

நாகலெட்சுமியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுமுன், அழகுமுத்து முன்னால் வந்து நின்று நடந்ததை எல்லோருக்கும் சொன்னான். யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. துரை அவனைப் பட்டறையிலிருந்து எடுத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலைக்கு அனுப்பினார். வீரய்யாவுக்கும் கடும் ஏச்சு விழுந்தது. வேலை மட்டும் தப்பியது. அழகுமுத்து கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனான். மனதிலிருந்து ஏதோ இறங்கியவன் மாதிரிதான் போனான்.

படகை மறுபடி பிரித்து, முறையாக அடைத்து, நிழலில் காய வைத்தார்கள். இந்தத் தடவை இடுக்குகளில் விரல் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டியவள் வடிவு என்று வீரய்யா சொல்லிவிட்டார்.

நாகலெட்சுமியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர அந்தப் படகில்தான் போனார்கள். திரும்பும்போது வெயில் அடித்தது. வீரய்யா துடுப்புப் போட்டார், வடிவு பின்னால் இருந்தாள். நாகலெட்சுமி குழந்தையை அணைத்தபடி தலை குனிந்தே வந்தாள். நடுத்தண்ணீர் வந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் தவழ்ந்து வந்து, துணியில் சுற்றிய குழந்தையை வடிவின் மடியில் வைத்தாள்.

"என்ன நாகு... காத்து அடிக்குது, நீயே வச்சுக்க."

"இல்லக்கா. ஒங்ககிட்ட இருக்கட்டும்." அவள் வடிவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "என் வாயி சொன்னத நீங்க மறக்க மாட்டீங்க. மறக்கச் சொல்லி நான் கேக்கவும் மாட்டேன். ஆனா இவள வளக்கிறப்போ... இவ மொதல்ல ஒங்களத்தான் அம்மான்னு கூப்பிடணும். அதுக்கு மட்டும் சரின்னு சொல்லுங்க."

வடிவு துணி ஓரத்தை விலக்கினாள். மடியில் கிடந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. அவ்வளவுதான். எந்த ஏச்சுக்கும் அழாதவள், குனிந்து, அந்தச் சின்ன மார்பில் நெற்றியை வைத்து, சத்தம் போட்டு அழுதாள். நாகலெட்சுமி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வீரய்யா துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கரையில் சனம் காத்திருந்தது. இருக்கட்டும் என்று முகத்தை அந்தப்புறம் திருப்பிக்கொண்டார். அவள் அழுது முடிக்கும்வரை படகு நின்ற இடத்திலேயே நின்றது.